எந்தச் சிப்பியை எடுப்பது?

போன மாதம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். அங்கே என் அக்காள் வீடு இருக்கிறது.

அக்காள் மகள் கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறாள். கம்ப்யூட்டர் பாடம். மாமா வருகிறேன் என்றால் தெருமுனைக்கே ஓடி வருவாள். அன்று வரவில்லை. உள் அறையில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"பிள்ளைக்கு என்னக்கா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாமாம் தம்பி. பி.காமுக்கு மாத்தி விடச் சொல்றா. நீயே கேளு" என்றாள் அக்காள்.

கேட்டேன். அழுகையும் கோபமுமாகச் சொன்னாள்:

"புத்தகத்துல இருக்கிறபடியேதான் மாமா அடிக்கிறேன். என் கூடப் படிக்கிறவளுக்கு அந்த வரி சரியா வருது. எனக்கு மட்டும் சிவப்பு சிவப்பாத் திட்டுது. இதெல்லாம் என் மண்டையில ஏறாது."

லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். அவள் அண்ணனுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப் அது. கறுப்புத் திரை வந்தது. புத்தகத்தில் இருந்த வரியைத் தட்டினாள். "பெயர் என்ற இடத்தில் முத்து என்று எழுதி வை" என்பதுதான் அந்த வரியின் பொருள். நடுவில் ஒரு சமக்குறி. அவ்வளவுதான்.

உடனே திரையில் நீளமாக இங்கிலீஷில் ஒரு மறுப்பு வந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

அந்த மறுப்பை நான் நிதானமாகப் படித்தேன். காரணம் புரிந்தது. பிள்ளை தட்டியதில் தவறு இல்லை. புத்தகமும் தவறு இல்லை. லேப்டாப்பும் பழுது இல்லை. புத்தகம் "பாஷ்" என்ற ஷெல்லுக்காக எழுதப்பட்டது. லேப்டாப்பில் இருந்ததோ "ஃபிஷ்" என்ற ஷெல்! உடன் படிக்கும் ஒருத்தியின் அண்ணன், "இதுதான் புதுசு, இதுதான் நல்லது" என்று மாற்றி வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மாற்றினேன் என்று சொல்லவில்லை.

இதற்காக ஒரு பெண் படிப்பையே விட இருந்தாள்!

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். இந்தக் குழப்பம் அங்கெல்லாம் வரலாம். ஆகவே இந்த ஷெல் என்றால் என்ன, புதிதாகப் படிப்பவர்கள் எதை எடுப்பது என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஷெல் என்றால் என்ன?

ஷெல் என்றால் சிப்பி. ஓடு என்றும் சொல்லலாம்.

கம்ப்யூட்டருக்குள்ளே எல்லா வேலையையும் நடத்தும் தலைமைப் பகுதி ஒன்று உண்டு. அதற்குக் கெர்னல் என்று பெயர். பருப்பு என்று அர்த்தம். பருப்பைச் சுற்றி ஓடு இருக்கிறது அல்லவா? அதுபோலக் கெர்னலைச் சுற்றி இருப்பது ஷெல்.

நாம் கெர்னலோடு நேரே பேச முடியாது. ஷெல்லிடம் சொல்ல வேண்டும். நாம் ஒரு சொல்லைத் தட்டினால், ஷெல் அதைப் படித்துப் புரிந்துகொள்கிறது. பிறகு உரிய வேலையைக் கெர்னலிடம் சொல்லி நடத்தி, விடையை நம் முன்னே வைக்கிறது.

அந்தக் கறுப்புச் சன்னலுக்குப் பெயர் டெர்மினல். அது வெறும் சன்னல்தான். சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நமக்குப் பதில் சொல்லும் ஆள்தான் ஷெல். சன்னல் ஒன்றாக இருக்கலாம், ஆள் மாறலாம். அக்காள் மகள் வீட்டில் நடந்தது இதுதான்.

இந்தப் பெயரை 1960-களின் நடுவில் வைத்தவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். அதன் பின் 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். யூனிக்ஸில் ஷெல் என்பது தனி ஆள். பிடிக்காவிட்டால் ஓர் ஆளை அனுப்பிவிட்டு வேறு ஆளை உட்கார வைக்கலாம். இதனால்தான் ஷெல்கள் பலவாகப் பெருகின.

1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், யூனிக்ஸின் வழியில் வந்தது. இன்று நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது. உலகத்தில் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். 2017 நவம்பர் முதல் அந்த 500-ம் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

நம் வீட்டுக்கும் லினக்ஸ் புதிது அல்ல. 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது. "பாஸ்" என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. எத்தனையோ வீடுகளில் விண்டோஸை மட்டும் திறந்தார்கள். படம் பார்த்தார்கள், பாட்டுக் கேட்டார்கள். இன்னொரு கதவு மூடியே கிடந்தது. பொன்னான சாவி கையில் இருந்தும் கதவைத் திறக்கவில்லை!

கயிறு பிடிப்பவர்

அக்காள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக் குளிப்புகள்தான் கடைசி. அப்பொழுது சிறு பையனாக வள்ளத்தில் போனவர் அவர்.

பேச்சோடு பேச்சாக அவரிடம் பிள்ளையின் கதையைச் சொன்னேன். ஷெல், கெர்னல் எல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் ஆள் மாறிய கதை உடனே புரிந்துவிட்டது.

முத்துக் குளிப்பவர் கல்லில் கால் வைத்து இறங்குவார். கல்லின் பாரம் அவரை விரைவாக அடியில் கொண்டு சேர்க்கும். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைப் பொறுக்கி வலைப்பையில் போடுவார். ஒரு நிமிடம், அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அதற்குள் மேலே வர வேண்டும். கயிற்றை அசைத்துச் சைகை காட்டுவார். வள்ளத்தில் இருப்பவர் கயிற்றை இழுப்பார். உயிர் அந்தக் கயிற்றில் இருக்கிறது.

"கயிறு பிடிக்கிறவன் மச்சானா இருக்கணும்னு சொல்லுவோம். தன் கூடப்பிறந்தவ தாலி அவன் கையில இருக்கு பாருங்க, கவனமா இருப்பான்" என்றார் பெரியவர்.

பிறகு பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்:

"கயிறு புதுசா பழசா, என்ன கலருன்னு யாரு பார்த்தா? கீழே இருக்கிறவன் சைகை மேலே இருக்கிறவனுக்குத் தெரியணும். அதுதான் தாயி முக்கியம்."

கம்ப்யூட்டரைப் பார்த்தே பழகாத பெரியவர் சொன்ன இந்த ஒரு சொல்லில் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. நாம் படிக்கும் புத்தகம் கற்றுக் கொடுக்கும் சைகை எந்த ஷெல்லுக்குத் தெரியுமோ, அந்த ஷெல்தான் முதலில் நமக்கு வேண்டியது.

யார் யார் இருக்கிறார்கள்?

ஷெல்களின் குடும்பம் பெரியது. எல்லாரையும் தெரிந்துகொள்ள வேண்டாம். நாலு பேரைத் தெரிந்தால் போதும்.

முதலாவது, பாஷ். 1979-ல் ஸ்டீபன் போர்ன் என்பவர் எழுதிய ஷெல் உலகமெங்கும் பரவியது. அதன் வழியிலேயே, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி பிரயன் பாக்ஸ் என்பவர் 1989-ல் எழுதி வெளியிட்டதுதான் பாஷ். உபுண்டு, டெபியன், நம்முடைய பாஸ் என்று பெரும்பாலான லினக்ஸ்களில் சன்னலைத் திறந்தால் உட்கார்ந்திருப்பவர் இவர்தான். ஆடம்பரம் இல்லை. ஆனால் எங்கே போனாலும் இருப்பார்.

இரண்டாவது, இசட்-ஷெல். 1990-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் பால் பால்ஸ்டாட் எழுதியது. சட்டை தைப்பதுபோல நம் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளலாம். அலங்காரம் செய்து பார்க்க ஆசை உள்ளவர்களுக்குப் பிடிக்கும். ஆப்பிள் நிறுவனத்தார் தங்கள் மேக் கம்ப்யூட்டர்களில் 2019-ல் பாஷை மாற்றி இதை வைத்தார்கள்.

மூன்றாவது, ஃபிஷ். மீன் என்று பொருள். 2005-ல் ஆக்செல் லில்யன்கிரான்ட்ஸ் என்பவர் வெளியிட்டார். பழகுவதற்கு இனிய ஷெல் என்று பெயரிலேயே சொல்கிறார்கள். பெயர் பொய் அல்ல. இல்லாத கட்டளையைத் தட்டினால், என்டர் தட்டும் முன்பே சொல் சிவப்பாக மாறும். நேற்றுத் தட்டிய வரியை இன்று பாதி தட்டினால், மீதியை மங்கிய எழுத்தில் காட்டும்.

நாலாவது, டேஷ். இது மெலிந்த உடம்பு, வேகமான கால். மனிதரோடு பேசுவதற்காக அல்ல. கம்ப்யூட்டர் தனக்குள்ளே செய்துகொள்ளும் வேலைகளுக்காக. உபுண்டுவில் 2006 முதல் அந்த வேலைகளை இதனிடம் கொடுத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்தால் போதும்.

இந்த நாலுக்கும் விலை கிடையாது. காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஃபிஷ் கட்சியின் வழக்கு

"ஃபிஷ் பழக இனியது என்கிறீர்களே? அப்படியானால் புதியவர்கள் அதையே எடுக்கலாமே?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஃபிஷ் பக்கம் பேசுபவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தனியாக வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது சுகமானது. தவறைச் சீக்கிரம் காட்டுகிறது. கையைப் பிடித்து அழைத்துப் போகிறது.

ஆனால் படிக்கும் பிள்ளை தனியாக இல்லை. அவளுக்கு ஒரு புத்தகம் உண்டு. ஆசிரியர் உண்டு. பக்கத்தில் ஒரு தோழி உண்டு. நாளை வேலைக்குப் போனால், அங்கே யாரோ எழுதி வைத்த நூறு பழைய வரிகள் உண்டு. இவை பெரும்பாலும் பாஷின் இலக்கணத்தில் இருக்கும்.

ஃபிஷின் இலக்கணம் சில இடங்களில் வேறு. ஓரிடத்தில் ஒரு சொல்லை எழுதி வைக்க, பாஷில் சமக்குறி போடுகிறோம். ஃபிஷில் "செட்" என்று தொடங்க வேண்டும். "இப்படியானால் இதைச் செய்" என்ற நிபந்தனையை பாஷில் "எஃப்-ஐ" என்று முடிக்கிறோம். ஃபிஷில் "எண்ட்" என்று முடிக்க வேண்டும். வரிசையில் உள்ளவற்றை எண்ணும்பொழுது பாஷ் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஃபிஷும் இசட்-ஷெல்லும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

பழகியவருக்கு இது பெரிய காரியம் அல்ல. "ஓ, ஆள் வேறு" என்று திருத்திக்கொள்வார். புதியவரால் முடியாது. வரி தவறும்பொழுது, தவறு தன்னிடமா, புத்தகத்திலா, ஷெல்லிலா என்று அவருக்குத் தெரியாது. மூன்றையும் சந்தேகிப்பார். கடைசியில் தன்னையே சந்தேகிப்பார்.

என் அக்காள் மகளுக்கு ஃபிஷ் சரியான வழியைச் சொல்லத்தான் சொன்னது. அந்த மறுப்பின் கடைசியில், "செட் என்று எழுது" என்று விடையே இருந்தது! ஆனால் பயந்த கண்ணுக்கு விடை தெரியவில்லை. சிவப்புதான் தெரிந்தது.

ஆகையால் என் தீர்ப்பு இது: முதல் ஆறு மாதம் பாஷ். மேக் வைத்திருப்பவர்கள் அதில் இருக்கும் இசட்-ஷெல்லையே வைத்துக்கொள்ளலாம். தொடக்கப் பாடங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து, உங்களுக்கு எது தொந்தரவு என்று உங்களுக்கே தெரியும். அப்பொழுது ஃபிஷைப் பாருங்கள்.

இருபது சொற்கள் போதும்

"எங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராதே" என்று பெற்றோர் கவலைப்படலாம். வேண்டாம்.

தொடக்கத்தில் தெரிய வேண்டியவை சுமார் இருபது சொற்கள். அவையும் இங்கிலீஷ் அகராதிச் சொற்கள் அல்ல. பல வெறும் இரண்டு, மூன்று எழுத்துகள். இங்கிலீஷ்காரரும் இவற்றைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

"பி-டபிள்யூ-டி" என்று தட்டினால், நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று காட்டும். (பொதுப்பணித் துறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

"எல்-எஸ்" என்றால், இங்கே என்ன என்ன இருக்கிறது என்று காட்டும்.

"சி-டி" என்றால், இன்னொரு ஃபோல்டருக்குப் போகலாம்.

"சி-பி" நகல் எடுக்கும். "எம்-வி" இடம் மாற்றும். "ஆர்-எம்" அழிக்கும்.

"மேன்" என்று தட்டி, ஒரு கட்டளையின் பெயரையும் தட்டினால், அந்தக் கட்டளை எப்படி வேலை செய்யும் என்ற விளக்கம் வரும். வீட்டிலேயே ஒரு வாத்தியார்!

இங்கே ஒரு முக்கியமான செய்தி. இவற்றில் பெரும்பாலானவை ஷெல்லுக்குள்ளே இல்லை. "எல்-எஸ்" ஒரு தனி நிரல். "சி-பி" ஒரு தனி நிரல். ஷெல் அவற்றைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். பாஷ் கூப்பிட்டாலும் அதே "எல்-எஸ்". ஃபிஷ் கூப்பிட்டாலும் அதே "எல்-எஸ்". ஆகவே இன்று படித்தது நாளை ஷெல் மாறினாலும் வீண் போகாது. எந்த ஷெல் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதில் பொருள் இல்லை என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

உப்பு லாரிக் கணக்கு

இதனால் என்ன பயன்? ஓர் உதாரணம் பாருங்கள்.

தூத்துக்குடியில் உப்பளங்கள் நிறைய உண்டு. ஓர் உப்பளத்தில் லாரிகள் உப்பு ஏற்றிப் போன கணக்கை ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு ஒரு வரி. தேதி, லாரி நம்பர், எத்தனை டன். ஆண்டுக் கடைசியில் 3,000 வரிகள் சேர்ந்துவிட்டன.

4417 என்ற லாரி எத்தனை நடை போனது? கணக்குப்பிள்ளை விரல் வைத்து எண்ணினால் ஒரு பகல் போய்விடும். நடுவில் ஒரு வரி தவறினால் மறுபடி முதலிலிருந்து.

கறுப்புத் திரையில் ஒரே வரி போதும். முதலில் "கிரெப்" என்ற கட்டளை. 4417 உள்ள வரிகளை மட்டும் அது பொறுக்கி எடுக்கும். அடுத்து ஒரு நேர்கோடு. அதற்குக் குழாய் என்று பெயர். பொறுக்கிய வரிகள் அந்தக் குழாய் வழியே அடுத்த கட்டளைக்குப் போகும். அடுத்த கட்டளை "டபிள்யூ-சி". அது வரிகளை எண்ணிச் சொல்லும். என்டர் தட்டிக் கையை எடுக்கும் முன் விடை வந்துவிடும்.

ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றுக்குக் குழாய் வழியே அனுப்பலாம் என்ற இந்த யோசனை டக்ளஸ் மெக்கில்ராய் என்பவருடையது. 1973-ல் யூனிக்ஸில் வந்தது. அரை நூற்றாண்டு ஆகியும் மாறவில்லை. இந்த வரியை பாஷில் தட்டினாலும், இசட்-ஷெல்லில் தட்டினாலும், ஃபிஷில் தட்டினாலும் ஓர் எழுத்துகூட மாறாமல் வேலை செய்யும்.

தமிழிலும் தேடலாம். ஃபைலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். சில டெர்மினல்களில் கொம்பும் காலும் விலகி, எழுத்து பிரிந்து தெரியும். பயப்பட வேண்டாம். அது சன்னலின் குறை. ஃபைலில் எழுத்து சரியாகத்தான் இருக்கும்.

கவனம், கவனம்!

கடலுக்கு ஒரு மரியாதை உண்டு. கறுப்புத் திரைக்கும் உண்டு. சில எச்சரிக்கைகள்:

"ஆர்-எம்" அழித்தது அழித்ததுதான். குப்பைக் கூடையில் போய் இருக்காது. திரும்ப எடுக்க வழி இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தட்டும் முன் "எல்-எஸ்" தட்டி, எங்கே நிற்கிறோம், எதை அழிக்கிறோம் என்று பாருங்கள். முக்கியமான ஃபைல்களுக்கு வேறு இடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

"சூடோ" என்று தொடங்கும் வரிகளில் இரட்டைக் கவனம் வேண்டும். வீட்டு எசமானின் சாவியைக் கொடுப்பதற்குச் சமம் அது.

யாரோ அனுப்பிய வரியைப் பொருள் தெரியாமல் ஒட்டாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவோமா? இதுவும் அப்படித்தான்.

அவ்வப்போது வரும் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். பாஷில் 1989 முதல் ஒளிந்திருந்த ஒரு பெரிய ஓட்டை 2014 செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. உலகம் முழுவதும் அவசரம் அவசரமாக அடைத்தார்கள். பழைய நண்பனுக்கும் மருத்துவம் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஷெல்லை மாற்றினால், மாற்றினேன் என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள். கயிறு பிடிக்கும் ஆளை மாற்றிவிட்டு, கடலுக்குள் இருப்பவருக்குச் சொல்லாமல் இருக்கலாமா?

எப்படித் தொடங்குவது?

லினக்ஸ் உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் டெர்மினலைத் திறவுங்கள். "எக்கோ" என்று தட்டி, இடைவெளி விட்டு, டாலர் குறியும் பூஜ்யமும் சேர்த்துத் தட்டுங்கள். பாஷானால் தன் பெயரைச் சொல்லும். புத்தகத்தையும் பாருங்கள். இரண்டும் ஒன்றா? நல்லது, தொடங்குங்கள்.

விண்டோஸ்தான் இருக்கிறதா? அதற்குள்ளேயே லினக்ஸை வைத்துக்கொள்ள 2016 முதல் வழி இருக்கிறது. உபுண்டுவை அதில் போட்டால் பாஷும் கூட வரும்.

கம்ப்யூட்டரே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் "டெர்மக்ஸ்" என்ற செயலியைப் போடுங்கள். அதிலும் பாஷ்தான். திரை சின்னது, விரலுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் இருபது சொற்களைப் பழகுவதற்கு அது போதும்.

ஃபிஷ் எப்படி என்று பார்க்க ஆசை வந்தால், அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பாஷை விரட்ட வேண்டாம். பாஷிலிருந்தே "ஃபிஷ்" என்று தட்டினால் ஃபிஷ் வரும். "எக்ஸிட்" என்று தட்டினால் பாஷுக்குத் திரும்பிவிடலாம். விருந்தாளியாக வைத்துப் பாருங்கள். பிடித்தால் பிறகு குடிவைக்கலாம்.

தினம் அரை மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு சொல். முத்துக் குளிப்பு நின்ற பிறகு, 1973-ல் இதே தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் சிப்பியை வளர்த்து, அதற்குள்ளே முத்தை விளைய வைத்துக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணியை வைத்துவிட்டு மாதக்கணக்கில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். படிப்பும் அப்படித்தான்.

முடிவாக...

அன்று மாலை அக்காள் மகளின் லேப்டாப்பில் பாஷைத் திரும்ப வைத்தோம். நான் கை வைக்கவில்லை. அவளையே தட்டச் சொன்னேன். பிறகு புத்தகத்தில் இருந்த அதே வரியைத் தட்டினாள்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போய் நின்றது.

"என்ன மாமா, பேசாம இருக்கு?" என்றாள்.

"வேலை சரியாக முடிந்தால் அது பேசாது. அதன் குணம் அது" என்றேன்.

எழுதி வைத்த பெயரைக் கேட்டுப் பார்த்தாள். "முத்து" என்று வந்தது. முகத்தில் அப்பொழுதுதான் சிரிப்பு வந்தது.

ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நேற்று அக்காள் போனில் பேசினாள். பி.காம். பேச்சு இப்பொழுது இல்லையாம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மருந்துக்கடைச் சீட்டுகளை ஒரு ஃபைலில் போட்டு, மாதம் எவ்வளவு செலவு என்று கூட்டிச் சொல்கிறாளாம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கறுப்புத் திரைக்கு முன்னே உட்கார்ந்து கண் கலங்கினால், "உனக்கு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். "புத்தகம் எந்த ஷெல்? கம்ப்யூட்டர் எந்த ஷெல்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம். கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம். அந்த ஒரு கேள்வி ஒரு படிப்பைக் காப்பாற்றலாம்.

பிள்ளைகளே! எந்தச் சிப்பி நல்ல சிப்பி என்று கரையில் நின்று வாதாடியவர் யாரும் முத்து எடுத்ததில்லை. கைக்குப் பக்கத்தில் இருக்கும் கயிற்றைப் பிடியுங்கள். இறங்குங்கள்!